லேப்டாப் அப்கிரேடும் ஒரு ராத்திரி பஸ்ஸும்

இன்னைக்கு அருப்புக்கோட்டை வீட்டு மாடியில இருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

எனக்கு ஆபீஸ் சென்னையில, வேலை இங்க இருந்துதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடியப்போகுதுன்னு, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எங்க ஐடி டீம் ஒரு மெயில் அனுப்பினாங்க: "இன்று இரவு உங்கள் கணினி தானாகவே அப்கிரேட் ஆகும்." சரின்னு விட்டுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில திறந்தா நீலத் திரை. 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்குது. டிக்கெட் போடலாம்னா, அந்தத் தளம் ஆபீஸ் லேப்டாப்ல மட்டும்தான் திறக்கும்! போன்ல பிடிச்சா, "நேர்ல கொண்டு வாங்க". ராத்திரி பஸ் பிடிச்சுப் போனேன். கீயை அடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க.

ஏன் இப்படி ஆகுது? பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கிறதை எல்லாம் பூட்டி வைக்கும். சாவி டிபிஎம் சிப்ல இருக்கும். மெஷின் கிளம்பும்போது பயாஸ் பழையபடியே இருந்தாதான் சிப் சாவியைக் கொடுக்கும். அப்கிரேடோட சேர்ந்து பயாஸும் மாறினா, யாரோ கை வெச்சிட்டாங்கன்னு சந்தேகப்பட்டு ரெக்கவரி கீ கேக்கும். பயாஸை மாத்துறதுக்கு முன்னாடி பிட்லாக்கரைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சிருந்தா எனக்கு அந்த பஸ் டிக்கெட் மிச்சம்.

அதுக்குப் புது லேப்டாப்பே கொடுத்திருக்கலாமேன்னு தோணும். அங்க பிரச்சினை கணக்குல இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, லேப்டாப்புக்கு 3 வருஷம்தான் ஆயுள்னு சொல்லுது. ஆனா மெஷின் ஓடுற வரைக்கும் ஓட்டுவாங்க. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேணும். பழையதுலயே தொடரணும்னா, கம்பெனிகளுக்கு ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அப்புறம் வருஷா வருஷம் இரட்டிப்பு. 2014 ஏப்ரல்ல எக்ஸ்பி ஆதரவு முடிஞ்சப்பவும் இதே தலைவலிதான். அப்போ தமிழ்நாடு அரசு தன் துறைகளை, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் பக்கம் போகச் சொன்னது.

அந்த 61 டாலர் ஐடி பட்ஜெட்ல தெரியும். நம்ம காத்திருக்கிற நேரம் எந்த பட்ஜெட்லயும் தெரியாது. அதை நாமதான் எழுதிக் காட்டணும். என் பழைய மெஷின்ல ஒரு பில்டுக்கு 12 நிமிஷம், நண்பரோட புது மெஷின்ல 4. ஒரு நாளைக்கு 6 பில்டு, 22 வேலை நாள்: மாசம் 17 மணி நேரத்துக்கு மேல வீண். "லேப்டாப் ஸ்லோவா இருக்கு"ன்னு ஐடிகிட்ட புலம்புறதை விட, இந்தக் கணக்கை மேனேஜருக்கு அனுப்புங்க. பணம் ஒதுக்கச் சொல்லிக் கேக்க அவராலதான் முடியும்.

அப்கிரேட் மெயில் வந்தா மூணு வேலை. ஒண்ணு, பிட்லாக்கர் கீயை எழுதி, லேப்டாப் பையில இல்லாம வேற இடத்துல வைங்க. அட்மின் தடுக்கலைன்னா உங்க ஆபீஸ் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல 'டிவைசஸ்' பகுதியில அது கிடைக்கும். ரெண்டு, புஷ் பண்ணாத கோடை எல்லாம் புஷ் பண்ணிடுங்க. மூணு, ஹெல்ப்டெஸ்க் நம்பர் உங்க போன்ல இருக்கணும்.

திருச்சுழிப் பக்கம் உட்கார்ந்து வேலை பாக்குறவங்களுக்கு ஐடி டெஸ்க் பக்கத்து மாடியில இல்ல, ஒரு ராத்திரிப் பயண தூரத்துல இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.