உப்பும் சேரட்டும்

கோடையில் ஓய்வூதியம் பெற நண்பகலில் நம் கிளைகளுக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களைக் காண்கையில் நமக்குக் கவலை எழுகிறது. முதுமையில் தாக உணர்வு குறையும்; எனவே, தாகம் எடுக்குமுன்பே அவர்கள் நீர் அருந்த வேண்டும். மிகுதியாக வேர்க்கும்போது உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

'லூ' எனும் அனல்காற்று வீசும் வட மாநிலத்தார் இதனை நன்கறிவர். பீகாரில் வறுத்த கொண்டைக்கடலை மாவாகிய சத்துவை நீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சைச் சாறு, சீரகப்பொடி, நறுக்கிய வெங்காயம் சேர்த்துப் பருகுகின்றனர். பசியும் அடங்கிவிடும். உத்தரப் பிரதேசத்தில் சுட்ட மாங்காயின் சதையைக் கறுப்பு உப்புடன் கரைத்த 'ஆம் பன்னா'. ஒடிசாவின் பகாளாவோ நம் பழைய சோற்றுக்கு உடன்பிறப்பு! சர்க்கரை மிகுந்த குளிர்பானங்கள் இவற்றுக்கு ஈடாகா என்பதே நம் கருத்து.

இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. வங்கிப் பணிகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம்.