எருவும் வேண்டும், யூரியாவும் வேண்டும்

மே மாதம் மொன்ட்ரியால்-நோரின் பின்வளவுகளில் மண் கொத்தத் தொடங்கியதும் நம்மவர்களிடையே ஒரு வாக்குவாதம் வரும். கம்போஸ்ட் மட்டும் போதுமா, கடைப் பசளையும் போட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இலங்கை ஏற்கெனவே பெரும் விலை கொடுத்துவிட்டது.

2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்தது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றது. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. முந்தைய பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 லட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 இல் 20 லட்சத்துக்கும் கீழே போனது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் கடன்பட்டு விதைத்தவர்கள்தான் அந்த நட்டத்தைச் சுமந்தார்கள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கணக்கைப் பார்க்காமல் அவசரப்பட்டதை மன்னிக்க முடியவில்லை.

கணக்கு இதுதான். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். கம்போஸ்டில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். ஏக்கருக்கு 40 கிலோ நைதரசன் கொடுக்க யூரியா 87 கிலோ போதும். ஒன்றரைச் சதவீதக் கம்போஸ்ட் என்றால் இரண்டரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் சிறு பங்கே அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல அவிழ்த்து விடும். நெல்லோ மட்டம் வெடிக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நைதரசனுக்குத் தவிக்கிறது. சரியாக மக்காத வைக்கோல் எருவைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைதரசனையும் தமக்கு எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் யூரியா மட்டும் போதுமா என்று கேட்டால், வலிகாமத்துக் கிணறுகளைப் பாருங்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டிய பசளை, சுண்ணாம்புப் பாறை வழியே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே கொண்டுபோயிருக்கிறது. எரு மக்கி உருவாகும் கரிமப் பொருள் இருந்தால் அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் மண் பிடித்து வைத்திருக்கும், ஈரமும் நிற்கும். அது குறைந்த மண்ணில் போட்ட பசளையில் பெரும் பங்கு நீரோடு போய்விடுகிறது.

கோயம்புத்தூரில் 1909 இல் தொடங்கிய நிரந்தர எருப் பரிசோதனை வயல் இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கும், இந்தியாவின் மற்ற நீண்டகாலப் பரிசோதனைகளிலும், இரசாயன உரத்தோடு தொழுவுரமும் பெற்ற பாத்திகளே விளைச்சலிலும் மண்ணின் கரிமச் சத்திலும் முன்னே நிற்கின்றன. எங்கள் பாட்டன்மார் வயலுக்கு ஆடு மாடு பட்டி அடைத்த பிறகே மற்றதைப் போட்டதும் இதே வழிதான்.

மொன்ட்ரியாலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே மே மாத மண் குளிர்ந்து கிடக்கும். நுண்ணுயிர்கள் சோம்பியிருப்பதால் கம்போஸ்டின் சத்து உடனே வெளிவராது. அப்போது தக்காளிக் கன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் ஊதாவாக இருக்கும். குளிரில் வேர் பொஸ்பரசை எடுக்கத் திணறுகிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். மண் சூடேறினால் தானாகத் தெளியும். அவசரமென்றால் நீரில் கரையும் பசளையைப் பைக்கட்டில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றலாம். ஜூலையில் கத்தரியின் அடி இலைகள் முதலில் மஞ்சளானால் அது நைதரசன் பசியாக இருக்கலாம். அப்போது கொஞ்சம் மேற்கட்டுப் பசளை கைகொடுக்கும்.

நகரசபை வசந்தத்தில் இலவசமாகக் கொடுக்கும் கம்போஸ்டை நடுகைக்கு முன் இரண்டு அங்குலம் பரப்பி, மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். அதுதான் அடிக்கட்டு. சமூகத் தோட்டத்தில் பாத்தி வைத்திருப்பவர்கள் அங்குள்ள விதியை முதலில் கேளுங்கள். செயற்கைப் பசளைக்கு அனுமதி இல்லையென்றால், விரைவாகச் சத்து விடும் கோழி எருக் குருணல் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். எருதானே என்று அதையும் அள்ளிப் போட வேண்டாம். கியூபெக்கின் மிசிஸ்குவா குடாவில் கோடை தோறும் நீலப்பச்சைப் பாசி படர்வதற்கு, பண்ணை எருவிலிருந்து கழுவி வரும் பொஸ்பரசும் ஒரு காரணம்.

ஒக்டோபரில் நைதரசன் பசளை எதுவும் வேண்டாம். காய்ந்த இலையால் பாத்தியை மூடினால் போதும். அப்போது போடும் யூரியாவை உறிஞ்சப் பயிர் இருக்காது. பனி உருகும்போது அது நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்கும் ரிவியேர் தே ப்ரேரி ஆற்றுக்குமே போய்ச் சேரும்.