சமையலறை ஜன்னலில் ஒரு குட்டி சர்வர்

மெஸ்ஸில் சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருக்கும். டோக்கனை நீட்டினால் மாஸ்டர் வாங்கிப் பார்த்து, கேட்டதை எடுத்துத் தருவார். டெக்ஸ்ட் கோப்புகளை இணையத்தில் பரிமாறும் ஸ்கிரிப்ட்டின் வேலையும் இதுதான். பைத்தானில் முப்பது நாற்பது வரியில் எழுதிவிடலாம்.

ஜன்னலுக்கு ஓர் எண் உண்டு, அதுதான் போர்ட். பழகிப் பார்க்க 8000 போதும். பிரவுசர் நீட்டும் டோக்கனின் முதல் வரியில் ‘கெட்’ என்ற சொல்லும் கோப்பின் பெயரும் இருக்கும். கோப்பு இருந்தால் 200, இல்லையென்றால் 404 என்று ஸ்கிரிப்ட் பதில் சொல்லும்.

அடுத்தது பார்சல், அதாவது ஸ்கிரிப்ட் அனுப்பும் பதில். மேலே சரக்கின் அளவும் வகையும் எழுதிய சீட்டு, பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே சரக்கு. தமிழில் எழுதுகிறவர்கள் இடறுவது இந்தச் சீட்டில்தான், நானும் இடறியிருக்கிறேன். ‘அம்மா’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. பைத்தான் அதை ஐந்தாக எண்ணும்: அ, ம, புள்ளி, ம, கால். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. சீட்டில் அளவு 5 என்று எழுதினால் பிரவுசர் ஐந்தே பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். ‘அ’ முழுதாக வரும், ‘ம’ பாதியில் உடையும். மாஸ்டர் படிக்கணக்கில் ஐந்து என்று எழுத, வாங்குகிறவர் ஐந்து ஆழாக்கு மட்டும் அளந்துகொண்டு போன கதை. முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு எண்ணுங்கள். வகை வெறும் டெக்ஸ்ட், குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பதையும் சீட்டிலேயே எழுதுங்கள். பைத்தானோடு வரும் ஆயத்த எச்டிடிபி சர்வர் வகையை மட்டும் எழுதிக் குறியாக்கத்தை விட்டுவிடுவதால், தமிழ் புரியாத குறிகளாக வந்து நிற்கலாம்.

இன்னொன்று: யாரும் ஜன்னல் வழியே உள்ளே கைவிடக் கூடாது. கோப்பின் பெயரில் இரண்டு புள்ளி வைத்துக் கேட்டால், அது மேல் அடைவுக்குப் போகும் வழி. முழுப் பாதையையும் கண்டறிந்து, நீங்கள் ஒதுக்கிய அடைவுக்குள் இருந்தால் மட்டும் கொடுங்கள். இந்த ஒரு சோதனையை விட்டால் வீட்டுச் சாவியே பரிமாறப்பட்டுவிடும்.

முதலில் 127.0.0.1 முகவரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கே உங்கள் கணினியைத் தவிர வேறு யாராலும் கேட்க முடியாது. ‘அம்மா’ என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துக் கேளுங்கள். முழுதாக வந்த பிறகு வெளியாருக்குத் திறக்கலாம்.