எட்டுக்கு நாலு பலகையில் ஒரு ரயில்வே

மாடல் ரயில்னு சொன்னதும் சாவி கொடுத்து ஓட்டுற பொம்மை ஞாபகம் வந்தா தப்பில்லை. ஆனா வீட்டில் தண்டவாளம் போட உட்கார்ந்துட்டா, அது சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து செய்ய வேண்டிய ப்ராஜெக்ட்.

முதலில் அளவு. உலகில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இதில் 1 மீட்டர். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கான கணக்கு. நம்ம ஊர் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால் 19.3 மி.மீ. வரணும். ஆனாலும் இந்திய இன்ஜின் மாடல்கள் பொதுவா 16.5-லயே ஓடுது. பார்க்க கால் கொஞ்சம் ஒல்லியா இருக்கும், பழகிடும். இடம் குறைவு என்றால் 'என்' அளவு: 160-க்கு 1, இடைவெளி 9 மி.மீ.

எல்லாரும் முதலில் நினைப்பது எட்டடிக்கு நாலடி ப்ளைவுட்டில் ஒரு நீள்வட்டம். கணக்கு போட்டுப் பாருங்க. 18 அங்குல ஆரம் வச்சா வளைவுகள் மட்டும் 2.87 மீட்டர், நேர்ப்பாதை இரண்டும் சேர்ந்து சுமார் 2.8. மொத்தம் 5.7 மீட்டர். எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று ஹெச்.ஓ.வில் 27 செ.மீ. 24 பெட்டி கோர்த்தா 6.5 மீட்டர். அதாவது இன்ஜின் தன் கடைசிப் பெட்டியையே போய் இடிக்கும்! அதனால நாலு பெட்டியோடு நிறுத்திக்கணும்.

பாலம் வைக்க ஆசையா? ஒரு பாதை மேல் இன்னொன்று போக 75 மி.மீ. உயரம் வேணும். 3 சதவீதச் சரிவில் ஏற 2.5 மீட்டர், இறங்க 2.5 மீட்டர். முழு வட்டமும் அதிலேயே போயிடும். மும்பை-புனே இடையிலான போர் காட்டில் சரிவு 37-க்கு 1, அதாவது 2.7 சதவீதம்தான். அங்கேயே பின்னால இன்ஜின் வச்சுத் தள்றாங்க.

அடுத்து மின்சாரம். இரண்டு தண்டவாளமும்தான் இரண்டு முனைகள், 12 வோல்ட் டி.சி. போலாரிட்டியை மாத்தினா ரயில் பின்னால போகும். டென்னிஸ் ராக்கெட் மாதிரி பாதையை வளைச்சு அதே பாதையில் சேர்த்தீங்கன்னா இடது தண்டவாளம் வலதோடு முட்டும், ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்த வளையத்தின் இரு முனையிலும் தண்டவாளங்களை வெட்டி இன்சுலேட் பண்ணி, தனி டி.பி.டி.டி. ஸ்விட்ச் வழியா கரன்ட் கொடுக்கணும். ரயில் வளையத்துக்குள் இருக்கும்போதே மெயின் லைன் போலாரிட்டியை மாத்திடணும். இணைப்புத் தகடுகளையும் நம்பாதீங்க. மீட்டருக்கு ஒரு ஜோடி ஃபீடர் வயர் சாலிடர் பண்ணிடுங்க. வேகத்துக்கு லேபில் கிடக்கிற எல்298 டிரைவரும் ஆர்டுயினோவும் போதும். அந்த டிரைவரே 2 வோல்ட் அளவுக்குத் தின்னுடும், சப்ளையில் அதைச் சேர்த்துக்கோங்க.

எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய டெக் மாடல் ரெயில்ரோட் கிளப் மாணவர்கள் டெலிபோன் ரிலேக்களை வச்சு இதையெல்லாம் செஞ்சாங்க. 'ஹேக்கர்' என்ற சொல் கம்ப்யூட்டர் உலகுக்கு வந்ததில் அந்த மேஜைக்கு அடியில் இருந்த வயர்களுக்கும் பங்கு உண்டு.

என்னைக் கேட்டா, முதல் லேஅவுட்டுக்கு வட்டமே வேண்டாம். சுத்துற ரயிலை எத்தனை நாள் பார்ப்பீங்க? பத்து நாளில் பலகை கட்டிலுக்கு அடியில் போயிடும். அதுக்குப் பதிலா 'இங்கிள்நூக்' போடுங்க. ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் உருவாக்கிய ஷண்டிங் புதிர் அது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் போய்வரும் பாதையில் இன்ஜினோடு 3 வேகனுக்குத்தான் இடம். மொத்தம் 8 வேகன். சீட்டு குலுக்கி 5 வேகனை எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் கோர்க்கணும். 6720 விதமா வரிசை வரும். குட்டி நாலுசக்கர வேகன் எடுத்தா, 'என்' அளவில் நாலடிக்கு ஓரடி பலகையே தாராளம். சி.எஸ்.இ. நண்பர் யாராவது இருந்தா, குறைந்தபட்சம் எத்தனை நகர்வில் முடிக்கலாம்னு ஒரு ப்ரோகிராம் எழுதச் சொல்லிப் போட்டிக்குக் கூப்பிடுங்க.