கூர்மைக்கு அஞ்சும் துணைவருக்கு ஏற்ற கத்தி

சமையலறையில் நாள்தோறும் புழங்கும் கருவிகளுள் உடலுக்கு மிக நெருக்கமாக இயங்குவது கத்தியே. நறுக்கப்படும் காய்க்கும் அதைப் பற்றியிருக்கும் விரலுக்கும் இடையே அரை அங்குலம்கூட இல்லாத நிலையில்தான் பெரும்பாலான வேலைகள் நடக்கின்றன. ஆகவே கூரான கத்தியைக் கண்டு ஒருவர் தயங்குவது இயல்பே. கணவன், மனைவி இருவரும் சமையலைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒருவருக்கு இத்தயக்கம் மிகுந்திருந்தால், மற்றவர் அன்பின் காரணமாகவே வீட்டுக் கத்திகளைச் சாணை பிடிக்காமல் விட்டுவிடுவதும், 'இது கையை வெட்டாது' என்று சொல்லிப் பழைய மொக்கைக் கத்தியை எடுத்துக் கொடுப்பதும் வழக்கமாக உள்ளன. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இச்செயல் காயத்துக்கான வாய்ப்பைக் கூட்டுவதோடு, அச்சத்தையும் வேரூன்றச் செய்துவிடுகிறது. அஞ்சுபவருக்கு வேண்டியது முனை உருண்டதும் விளிம்பு கூரானதும் கைக்கு அடங்கியதுமான ஒரு கத்தியும், அதைப் பழகிக்கொள்ளப் போதிய அவகாசமுமே ஆகும்.

அச்சம் எதைப் பற்றியது?

கத்தி வாங்குவதற்கு முன் கேட்டறிய வேண்டியது, துணைவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதாகும். ஏனெனில் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் அச்சத்துக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். முதல் வகை, பழக்கமின்மையால் வரும் தயக்கம். சமையலறைப் பக்கமே வராமல் வளர்ந்தவர்களிடமும், முன்பு ஆழமாக வெட்டுப்பட்டவர்களிடமும் இது காணப்படுவதோடு, சரியான கருவியாலும் பயிற்சியாலும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இரண்டாம் வகை, மருத்துவம் 'குறிப்பிட்ட பொருள் சார்ந்த அச்சநோய்' என்று வகைப்படுத்துவது. உண்மையான ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம் ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்து, அன்றாட வாழ்வைக் கட்டுப்படுத்தும்போது இப்பெயர் பொருந்துகிறது. இதனோடு நெருங்கியது, இரத்தத்தையோ காயத்தையோ கண்டதும் மயங்கி விழும் நிலை. மற்ற அச்சங்களில் நாடித்துடிப்பு ஏறியபடியே இருக்க, இந்நிலையில் அது முதலில் ஏறிப் பின்னர் சட்டென்று இறங்குவதால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மூளைக்குச் செல்லும் குருதி குறைகிறது. கையில் கத்தி இருக்கும்போது மயக்கம் வருவது ஆபத்தானது என்பதால், இத்தகையோர் உட்கார்ந்தபடி நறுக்குவதே நல்லது.

மூன்றாம் வகையைப் பற்றிக் குடும்பங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கத்தியை எடுத்தவுடன் 'அருகிலிருப்பவரைக் குத்திவிடுவோமோ, குழந்தையைக் காயப்படுத்திவிடுவோமோ' என்ற எண்ணம் ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக மீண்டும் மீண்டும் மனத்தில் புகுந்து துன்புறுத்துவது, 'எண்ணச் சுழற்சி நோய்' எனப்படும் நிலையின் ஒரு வடிவமாக இருக்கலாம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதுண்டு. அந்த எண்ணத்தைக் கண்டு அவர் அஞ்சி நடுங்குவதே, அது அவருடைய விருப்பம் அன்று என்பதைக் காட்டுகிறது. இந்நிலையில் உள்ளவருக்குப் புதிய கத்தி தீர்வாகாது; மனநல மருத்துவரின் உதவியே தேவை. இவை தவிர, கத்தியைக் காட்டி மிரட்டப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அதைக் காண்பதே பழைய துயரத்தைக் கிளறிவிடக்கூடும் என்பதால், அவர்களை வற்புறுத்துவது எவ்வகையிலும் தகாது.

மொக்கைக் கத்தி ஏன் ஆபத்தானது?

ஒரே விசை சிறிய பரப்பில் செலுத்தப்பட்டால் அழுத்தம் கூடும், பெரிய பரப்பில் பரவினால் குறையும் என்ற பள்ளிப் பாடமே கத்தியின் இயக்கத்துக்கும் அடிப்படை. கூரான விளிம்பு மிக மெல்லியது என்பதால் கத்தியின் சொந்த எடையோடு சிறிதளவு தள்ளினாலே காய்க்குள் இறங்கிவிடுகிறது. மழுங்கிய விளிம்புக்கு அதே வேலையைச் செய்யத் தோளிலிருந்து அழுத்த வேண்டியிருக்கிறது. பழுத்த தக்காளியின் வழவழப்பான தோலில் மொக்கைக் கத்தியை வைத்தால், தோல் குழிந்துகொடுக்குமே தவிர கிழிவதில்லை. கை மேலும் அழுத்த, கத்தி சட்டென்று ஒரு பக்கமாக வழுக்கி, பழத்தைப் பற்றியிருக்கும் விரல்மீது முழு விசையோடும் பாய்கிறது. சேனைக்கிழங்கு, பூசணி, பலாக்காய் போன்ற கடினமான காய்களில் இந்த வழுக்கல் இன்னும் கொடியது.

வெங்காயம் நறுக்குவதிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. வெங்காயத்தின் செல்கள் நசுங்கும்போது வெளிப்படும் ஒருவகைக் கந்தக வாயுவே கண்ணை எரிக்கிறது. கூரான கத்தி செல்களை நசுக்காமல் அறுப்பதால் வாயு குறைவாகவே வெளிவருகிறது. கண்ணில் நீர் திரையிடாதபோது விரல் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. மேலும், அழுத்தி, வழுக்கி, தடுமாறி வேலை செய்பவருக்குத் தன் கை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வு வலுப்படுகிறது. கூர்மைக்கு அஞ்சுபவரின் அச்சத்துக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இந்த உணர்வே.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

முதலில் முனை. கத்தியின் கூர்விளிம்பு நறுக்குவதற்குப் பயன்பட, முனையோ குத்துவதற்கே மிகுதியும் பயன்படுகிறது. காய்கறி நறுக்கும் வீட்டு வேலையில் கூர்முனையின் தேவை குறைவு. 2005-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இங்கிலாந்தின் அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் மூவர் தாம் எழுதிய கட்டுரையில், நீண்ட கூர்முனைக் கத்திகள் சமையலுக்கு இன்றியமையாதவை அல்ல என்று சமையற்கலைஞர்களிடம் கேட்டறிந்து வாதிட்டனர். அவர்களுடைய அக்கறை கத்திக்குத்துக் குற்றங்களைப் பற்றியது எனினும், அவர்கள் கண்டறிந்தது அச்சமுள்ளவரின் வீட்டுக்கும் பொருந்துகிறது. ஜப்பானில் தோன்றிய இரண்டு வடிவங்கள் இதற்கு ஏற்றவை. 'நகிரி' என்பது காய்கறிக்கென்றே அமைந்த, முனையே இல்லாத நீள்சதுரக் கத்தி. 'சந்தோக்கு' என்பது முதுகுப்பகுதி முன்புறம் வளைந்து இறங்கி விளிம்போடு சேர்வதால் முனை தாழ்ந்திருக்கும் பொதுப்பயன் கத்தி.

அடுத்தது நீளம். சமையற்கலைஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 20 சென்டிமீட்டர் கத்தி, பழகாதவர் கையில் எங்கே முடிகிறது என்பதே புலப்படாமல் மிரட்டுகிறது. நறுக்குவதற்கு 13 முதல் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தியும், தோல் சீவுவதற்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு கத்தியும் தொடக்கத்துக்குப் போதுமானவை. ஆனால் சிறு கத்தியைக் கொண்டு பூசணியைப் பிளக்க முயல்வது தவறு. பெரிய காய்களைப் பழகியவரே பிளந்து கொடுத்துவிடலாம்.

மூன்றாவது பிடி. ஈரக் கையிலும் வழுக்காத சொரசொரப்பும், நான்கு விரல்களும் அடங்கும் நீளமும், விரல் முன்னோக்கிச் சறுக்கி விளிம்பில் படாதபடி பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு தடுப்பும் இருப்பது நல்லது. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட, துணைவரையே கடைக்கு அழைத்துச் சென்று, உறையிட்ட நிலையில் கையில் பிடித்துப் பார்க்கச் செய்வது சிறந்தது. பரிசாக வந்திறங்கும் பளபளக்கும் கத்தித் தொகுப்பு அஞ்சுபவருக்கு மகிழ்ச்சி தருவதில்லை.

நான்காவது உலோகம். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த இரும்பே துருப்பிடிக்காத எஃகு எனப்படுகிறது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரையுள்ள கத்திகள் எளிதில் சிதையாமலும் வீட்டிலேயே தீட்டக்கூடியவையாகவும் இருப்பதால் பழகுநருக்கு உகந்தவை. 60-க்கு மேற்பட்டவை நீண்ட நாள் கூர் காத்தாலும், தவறாகக் கையாண்டால் விளிம்பில் சில்லு பெயரும். பீங்கான் கத்திகள் இலேசானவை எனினும் கீழே விழுந்தால் உடையக்கூடியவை.

அரிவாள்மணையும் மாற்றுக் கருவிகளும்

தமிழ் வீடுகளின் அரிவாள்மணை இவ்விடத்தில் தனியே கருதத்தக்கது. அலகு நிலையாக நிற்க, இரு கைகளும் காயைப் பற்றி அதை நோக்கித் தள்ளுவதால், 'கையிலுள்ள கத்தி எங்கோ பாய்ந்துவிடும்' என்று அஞ்சுபவர் சிலர் இதில் நிம்மதி காண்கின்றனர். ஆயினும் இங்கே விரலே விளிம்பை நோக்கி நகர்கிறது. கத்தரிக்காயின் கடைசித் துண்டை அரியும்போது, கட்டைவிரல்கள் இரண்டும் அலகின் இருபுறமும் ஏறத்தாழ அதைத் தொட்டபடி நிற்பதைக் காணலாம். தரையில் திறந்து நிற்கும் அலகு தவழும் குழந்தைக்கும் ஆபத்து என்பதால், பயன்படுத்தியவுடன் மடக்கியோ படுக்கவைத்தோ ஒதுக்கிவிட வேண்டும்.

பீன்ஸ், கீரை, கறிவேப்பிலை ஆகியவற்றுக்குச் சமையல் கத்தரிக்கோலும், தோல் நீக்குவதற்குச் சீவியும், வெங்காயத்துக்குக் கயிறு இழுக்கும் சாப்பரும் கத்தியின் தேவையைக் குறைக்கின்றன. ஆனால் சாப்பரைக் கழுவும்போது அதன் சிறு அலகுகளும், பலகைபோன்ற சீவல் கருவியைக் காப்புப் பிடி இல்லாமல் பயன்படுத்தும்போது விரல்நுனியும் வெட்டுப்படுவதுண்டு. இவை உதவிக் கருவிகளாக இருக்கலாம். கத்தியை முற்றிலும் தவிர்க்கும் வழியாக மாறினால் அச்சம் அப்படியே தங்கிவிடும்.

படிப்படியாகப் பழகுதல்

அஞ்சும் பொருளைச் சிறு சிறு படிகளாக, பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வது 'படிநிலை எதிர்கொள்ளல்' எனப்படுகிறது. அச்சநோய்ச் சிகிச்சையில் பயன் நிறுவப்பட்ட முறை இது. எளிய தயக்கத்துக்கு இதே நெறியை வீட்டிலும் கையாளலாம். உறையிட்ட கத்தியை மேசையில் வைத்துப் பார்ப்பது, உறையோடு கையில் பிடிப்பது, வெண்ணெய் தடவும் கத்தியால் வாழைப்பழத்தை நறுக்குவது, சிறு கத்தியால் பாதியாகப் பிளந்த வெள்ளரிக்காயை நறுக்குவது, பிறகு தக்காளி, வெங்காயம் என்று வரிசைப்படுத்தலாம். அச்சத்தைச் சுழியம் முதல் பத்து வரை துணைவரே மதிப்பிட்டு, ஒரு படியில் அது பாதிக்கும் கீழாகக் குறைந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நறுக்கும் முறையையும் இதனோடு சேர்த்துக் கற்க வேண்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணியை விரித்தால் பலகை நகராது. மரத்தாலோ நெகிழியாலோ ஆன பலகை கத்தியின் விளிம்பைக் காக்க, கண்ணாடியும் கிரானைட்டும் அதைக் கெடுக்கும். உருளும் காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படியுமாறு வைத்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும். காயைப் பற்றும் கையின் விரல்நுனிகளை உள்நோக்கி மடக்கி, முட்டிகள் மட்டும் முன்னே நிற்கும்படி வைத்தால், அலகின் பக்கவாட்டுப் பகுதி முட்டியை உரசிச் செல்லுமே தவிர விளிம்பு நுனியைத் தீண்டாது. கத்தி எங்கே இருக்கிறது என்பதை அந்த உரசலே கைக்கு உணர்த்திக்கொண்டிருக்கிறது.

வெட்டுத் தாங்கும் கையுறை தொடக்கத்தில் துணிவு தரும். ஐரோப்பிய இ.என். 388 தரக்குறியீட்டில் வெட்டுத் தாங்கும் திறன் ஏ முதல் எஃப் வரை குறிக்கப்படுகிறது; எஃப் மிக உயர்ந்தது. காயைப் பற்றும் கையில் இதை அணிய வேண்டும். இழுத்து அறுபடுவதிலிருந்து இது காக்குமே தவிர, முனை குத்துவதிலிருந்து காக்கும் என்று நம்பலாகாது.

உடனிருப்பவரின் பொறுப்பு

கூர்மையைப் பேணுவது அஞ்சாத துணைவரின் வேலையாக இருக்கலாம். சாணைக்கல்லிலோ சாணை பிடிப்பவரிடமோ தீட்டிய பிறகு, 'இன்று கத்தி கூராக இருக்கிறது' என்று சொல்லிவிடுவது இன்றியமையாதது. கத்தியைக் காட்டி விளையாடுவது, அஞ்சுபவரை உறவினர் முன் கேலி செய்வது, அவர் மெதுவாக நறுக்கும்போது பொறுமையிழந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றும் பல நாள் முன்னேற்றத்தை ஒரு நொடியில் அழித்துவிடும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் மேடையில் வைத்து எடுத்துக்கொள்ளச் செய்வதும், சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் போட்டுவைக்காமல் உடனே கழுவி உறையிடுவதும், கைதவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் பின்வாங்குவதும் இருவருக்கும் பொதுவான விதிகளாக இருக்கட்டும்.

வெட்டுப்பட்டால் செய்ய வேண்டியவை

காயம் பட்டால் செய்ய வேண்டியதை முன்பே அறிந்திருப்பது அச்சத்தைத் தணிக்கும். சிறு வெட்டைச் சுத்தமான ஓடும் நீரில் கழுவி, தூய துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். நடுநடுவே துணியை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய குருதி கலைந்துவிடும். காபித்தூளையும் மஞ்சள்தூளையும் காயத்தில் அப்பும் வழக்கம் கிருமித்தொற்றுக்கு இடம் தருவதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் காண முடியாமலும் செய்கிறது.

அழுத்தியும் குருதி நிற்காவிட்டாலும், விரலை மடக்கவோ நீட்டவோ இயலாவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும், தசைநாணோ நரம்போ அறுபட்டிருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். துண்டான விரல்பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டியில் நேரடியாக வைத்தால் திசு அழிந்துவிடும். மண் ஒட்டிய கிழங்கு, கீரை ஆகியவற்றை நறுக்கும்போது பட்ட காயமாயின், இரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகளும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் சிறு வெட்டையும் புறக்கணிக்கலாகாது.

மருத்துவ உதவி எப்போது?

கத்தியின் நினைவே உறக்கத்தைக் கெடுத்தாலும், வீட்டிலுள்ள கூரான பொருள்களை எல்லாம் ஒளித்துவைக்கும் நிலை வந்தாலும், தீங்கிழைத்துவிடுவோமோ என்ற எண்ணம் ஓயாமல் சுழன்றாலும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அணுக வேண்டும். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சீராக்கும் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' இவற்றுக்கு நல்ல பலன் தருகிறது. குருதியைக் கண்டு மயங்குவோருக்குச் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் உருவாக்கிய தசை இறுக்கப் பயிற்சி உதவுகிறது; கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி தளர்த்தி, இதை ஐந்து முறை செய்வதன்மூலம் வீழும் இரத்த அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளலாம். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் காத்திருக்கலாகாது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

தக்காளியின் தோலில் அழுத்தாமலே கத்தி இறங்குவதையும், மடக்கிய விரல்கள் பத்திரமாக இருப்பதையும் ஒருவர் தம் கண்ணாலேயே காணும்போது, கூர்மையைப் பற்றிய அவருடைய கணிப்பு மாறத் தொடங்குகிறது. அந்த வாய்ப்பை மொக்கைக் கத்தியால் தர இயலாது. நன்றாகத் தீட்டிய ஒரு சிறு கத்தியும், அவசரப்படுத்தாமல் அருகில் நிற்கும் ஒரு துணையும் தர இயலும்.