உங்களுக்குத் தெரியுமா? சவரக்கத்தியில் கற்பூர வாசம்!

சாயல்குடி மாதிரியான கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. தாத்தா காலத்து மடக்குச் சவரக்கத்தி பரணில் துருவேறிக் கிடந்தால் பழியைக் காற்றின்மேல் போட்டுவிடுவோம். சில சமயம் குற்றவாளி அதன் பிடியேதான்!

பிடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. 1870-இல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் காப்புரிமை பெற்ற இந்தப் பொருளில் கற்பூரமும் சேர்மானம். வயதாகிச் சிதைந்தால் அமில ஆவியை வெளியிடும். மடக்கி வைத்த அலகு உள்ளுக்குள்ளேயே அரிபடும். சட்டென்று தீப்பிடிக்கும் சாமான் வேறு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிடியை மாற்றுவதுதான் வழி.

பிடியைப் பூட்டியிருக்கும் ஆணியின் கொண்டையை மெல்லிய அரத்தால் ராவிவிட்டு, ஆணியைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் பூட்ட, சுமார் 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, இருபுறமும் குட்டி வாஷர், சின்னச் சுத்தியல். நூறு லேசான தட்டுகளில் கொண்டை உருளும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் பிடி பிளந்துவிடும். பல பழைய பிடிகளின் வால்முனையில் ஈய ஆப்பு இருக்கும். அதை ராவும்போது எழும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

புதுப் பிடிக்கு எருமைக் கொம்பு பொருந்தும். இந்தப் பக்கத்தில் பனை வைரத்துக்கா பஞ்சம்? ஒரு காலத்தில் விலையுயர்ந்த கத்திகளுக்கு அழுங்காமை ஓட்டில் பிடி போட்டார்கள். மன்னார் வளைகுடாவிலும் நீந்தும் ஆமை அது. இன்று அந்த ஓட்டை விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.