உசிலம்பட்டி ரத்தத்துல பசிபிக் தடம்

எனக்கு ஊர் சோழவந்தான். இங்கிருந்து பைக்ல போயிட்டு வர்ற தூரத்துலதான் உசிலம்பட்டி. அந்தப் பக்கத்துக் கிராமத்துல எடுத்த ரத்த மாதிரியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், நம்ம வட்டார மக்கள்கிட்ட ரத்த மாதிரிகள் சேகரிச்சார். மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸோட சேர்ந்து நடத்தின ஆய்வுல, 'எம்130' என்ற அடையாளம் கிடைச்சது.

அது என்ன? ஒய் குரோமோசோம்ல, பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தருக்கு ஏற்பட்ட சின்ன மாற்றம். அப்பாகிட்ட இருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆஸ்திரேலியப் பழங்குடிகள்கிட்டயும், பசிபிக் தீவுகள்ல வாழுற பாலினேசியர்கள்கிட்டயும் இதே அடையாளம் இருக்கு. ஆப்பிரிக்காவுல இருந்து கிளம்பினவங்க கடலோரமா இந்தியா வழியா கிழக்கே போனாங்க என்ற கருத்துக்கு இது ஒரு முக்கியச் சான்று.

ஆனா இந்தச் செய்தி நம்மகிட்ட வந்து சேரும்போது 'இந்தியாவின் முதல் மனிதர் இவர்தான்'னு மாறிடுது. அடுத்து, 'எங்க சாதிதான் ஆதி சாதி'ன்னு கிளம்பிடுறாங்க. இங்கதான் கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

பத்துத் தலைமுறை பின்னால போனா, உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் சொல்றது அதுல ஒரே ஒருத்தரோட கதையை. அம்மா வழி மொத்தமும் அதுல கிடையாது. தவிர, எம்130 வேற பல சமூகங்கள்லயும் இருக்கு.

அந்த ரத்தம் காட்டினது சொந்தம் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னுதான். அதை வச்சு வேலி போட்டா எப்படி?